ஆஃபர் லெட்டரில் எழுதப்படாதது

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்களை மூடியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கையிலெடுத்த வேலை 120 ஆண்டு ஓடி நின்றது. நின்றது சம்பளம் மட்டுமல்ல. குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. தண்ணீரும் கரண்டும் கம்பெனி கணக்கில் வந்தவை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி பக்கமிருந்தும் வந்து, மூன்று நான்கு தலைமுறையாக அதே லைனில் பிறந்து வளர்ந்தவர்கள், வேலை போனதோடு அந்த வீடு யாருடையது என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டியதாயிற்று. பல குடும்பங்களுக்கு அது இன்னும் தீரவில்லை.

பிள்ளையை லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ படிக்க அனுப்பலாமா என்று தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இதை நினைவூட்டக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு வேலை விசாவும் அந்த லைன் வீட்டைப் போன்றதுதான். வேலை உள்ளவரை இருக்கலாம். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் தவணை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் இன்னொரு முதலாளி கிடைக்க வேண்டும், அவர் விசா பொறுப்பையும் ஏற்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

படிக்கப் போகிறவர் அந்த வேலை விசாவுக்கே இன்னும் வந்து சேராதவர். அவர் கையில் இருப்பது படிப்பு விசா. அது குடியேற்ற விசா அல்ல. அமெரிக்கச் சட்டம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: எஃப்-1 விசா கேட்டு நேர்காணலுக்குப் போகிறவர், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நம்பவைக்க முடியாததால் நிராகரிக்கப்படுபவர்கள் ஏராளம். அங்கே குடியேறவே போகிறோம் என்று இங்கே கடன் வாங்கிவிட்டு, திரும்பி வருவேன் என்று அங்கே கையெழுத்துப் போடுகிறோம். இந்த முரண்பாட்டை எந்த கன்சல்டன்சி அலுவலகமும் பெற்றோருக்கு விளக்குவதில்லை.

வெளியுறவுத் துறை கணக்குப்படி 2024-ல் வெளிநாட்டில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கனடா, அமெரிக்கா, பிரிட்டன் இம்மூன்று நாடுகளில்தான் கூட்டம் அதிகம். அதே மூன்று நாடுகளும் 2024, 2025 ஆகிய இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் தலைகீழாக மாற்றின. 2021-ல் போன அண்ணனின் அனுபவத்தை வைத்து 2026-ல் போகும் தம்பி முடிவெடுத்தால், இப்போது இல்லாத ஒரு நாட்டுக்குக் கிளம்புகிறான்.

கனடாவை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் ஏமாந்த இடம் அதுதான். பத்தாண்டுக்கு மேலாக அங்கே ஒரு பாதை ஓடிக்கொண்டிருந்தது: ஏதாவது ஒரு கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ, பிறகு மூன்று வருட வேலை அனுமதி, அதிலிருந்து பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை. டிப்ளமோ எதில் என்பதை யாரும் கேட்கவில்லை. அரசுக் கல்லூரியின் பெயரில் தனியார் நடத்திய வகுப்புகள்கூட அந்த வேலை அனுமதியைத் தந்தன. ரிசப்ஷன் மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடாலிட்டி என்று ஏஜென்ட் சொன்ன கோர்ஸில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

2024 ஜனவரி 22 அன்று கனடா அரசு படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த ஆண்டுக்கு சுமார் 3,60,000 அனுமதிகள். முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. தனியார் கைக்குப் போன அரசுக் கல்லூரி வகுப்புகளில் 2024 மே 15 முதல் சேருபவருக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது என்றானது. நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டப்படிப்பு அல்லாத கல்லூரி டிப்ளமோக்கள் அரசு வகுத்த பட்டியலில் உள்ள துறையைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் அந்த அனுமதி. அத்துடன் மொழித் தேர்வு மதிப்பெண்ணும் காட்ட வேண்டும். நவம்பர் 8 அன்று, இந்திய மாணவர்களுக்கு வேகமாக விசா தந்துகொண்டிருந்த எஸ்.டி.எஸ். வழி ஒரே நாளில் மூடப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாணவர்களின் கணவனுக்கோ மனைவிக்கோ திறந்த வேலை அனுமதி இல்லை. மார்ச் 25 முதல், வேலைக் கடிதம் வைத்திருப்பவருக்கு பி.ஆர். மதிப்பெண்ணில் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளும் போயின. பதினான்கு மாதத்தில் இத்தனை மாற்றம். 2024 ஜனவரியில் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவர், 2025 டிசம்பரில் டிப்ளமோ வாங்கி வெளியே வரும்போது, தான் நம்பி வந்த பாதை குறுகிப்போயிருப்பதைக் கண்டார்.

அதற்குப் பிறகும் கதவு சாத்திக்கொண்டே போகிறது. 2026-ல் புதிதாக வர அனுமதிக்கப்படும் மாணவர்களுக்கு அந்த அரசு வைத்த இலக்கு 1,55,000. பி.ஆர். இலக்கு 3,80,000, ஒரு காலத்தில் ஐந்து லட்சம் என்று பேசப்பட்டது. 2025 ஆகஸ்டில் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பித்த இந்தியர்களில் நான்கில் மூன்று பேருக்கு விசா மறுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு முன் அது மூன்றில் ஒருவருக்கே. கனடா அனுபவம் உள்ளவர்களுக்கான பி.ஆர். அழைப்புச் சுற்றுகளில் வெட்டு மதிப்பெண் 500-ஐத் தாண்டியே நிற்கிறது. ஒரு வருட வேலை அனுபவமும் சுமாரான ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் உள்ளவர் அந்த எண்ணைத் தொடுவது கடினம்.

விதி மாறாமலே வாழ்க்கை மாறிய கதைகளும் உண்டு. 2023-ல் பஞ்சாபிலிருந்து போன நூற்றுக்கணக்கான மாணவர்களின் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் கனடாவில் இறங்கியதும் ஏஜென்ட், "நீங்கள் விண்ணப்பித்த கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார். சேர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்கும் போனார்கள். பல வருடம் கழித்து பி.ஆர். விண்ணப்பம் போட்டபோது, முதலில் காட்டிய ஆஃபர் லெட்டரே போலி என்று கனடா எல்லைத் துறை கண்டுபிடித்தது. நாடுகடத்தும் நோட்டீஸ் வந்தது. தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகே அப்பாவிகள் யார் என்று தனித்தனியாகப் பார்க்க அரசு குழு அமைத்தது. கடிதத்தை உருவாக்கியவர் ஏஜென்ட். கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தவர் மாணவர். சட்டத்தின் கண்ணில் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2022 ஜனவரியில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த மூன்று தனியார் கல்லூரிகள் கடன் தாங்காமல் கதவடைத்தன. சுமார் 2,000 மாணவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், கட்டிய ஃபீஸோடு நடுவழியில் நின்றார்கள். பலர் அப்போது இந்தியாவிலேயே இருந்து ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தவர்கள்.

பிரிட்டன் விஷயம் வேறு மாதிரி. அங்கே பாதை மூடுவதும் திறப்பதும் அரசியலின் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியை 2012 ஏப்ரலில் ரத்து செய்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2021 ஜூலை 1 அன்று, கிராஜுவேட் ரூட் என்ற பெயரில் இரண்டு வருடம் மறுபடி கொடுத்தார்கள். அந்தக் கதவு திறந்ததும் தென்னிந்தியாவிலிருந்து ஒரு வருட எம்.எஸ்.சி. படிக்கப் போனவர்கள் வெள்ளமாகப் பெருகினார்கள். 2024 ஜனவரியிலிருந்து அந்த எம்.எஸ்.சி. மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் 18 மாதமாகச் சுருங்குகிறது.

18 மாதம் முடிந்தபின் தங்க வேண்டுமானால் ஸ்கில்டு வொர்க்கர் விசா. அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலுக்கு முன் ஆண்டுக்கு 26,200 பவுண்டு. பிறகு 38,700. 2025 ஜூலை 22 முதல் 41,700. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகையாக 33,400 வரை ஏற்கிறார்கள், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும். வேலையும் பட்டப்படிப்பு மட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரும் கிடங்கில் பெட்டி அடுக்குவதும் அதில் வராது. முதலாளி ஸ்பான்சர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று அரசுக்குத் தனி வரியும் கட்ட வேண்டும், பெரிய நிறுவனத்துக்கு இப்போது 1,320 பவுண்டு. அதே தகுதியுள்ள உள்ளூர்க்காரரை எடுத்தால் இந்தச் செலவே இல்லை. நேர்காணலில் "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா" என்ற கேள்விக்கு "ஆம்" என்றதும் பேச்சு முடிந்துவிடுவது இதனால்தான்.

முதியோர் பராமரிப்பு வேலையைப் பிடித்துக்கொண்டு நிலைத்துவிடலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் பலித்தது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது.

நிரந்தர வசிப்புரிமைக்கான கணக்கில்தான் பெற்றோர்கள் அதிகம் தவறிவிடுகிறார்கள். "அஞ்சு வருஷத்துல பி.ஆர்." என்று சொல்லப்படும். படித்த வருடமும் கிராஜுவேட் ரூட்டில் கழித்த காலமும் அந்த ஐந்தில் சேராது. ஸ்கில்டு வொர்க்கர் விசா கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அந்த ஐந்தையும் பொதுவாகப் பத்தாக்கும் திட்டத்தை பிரிட்டன் அரசு 2025-ல் அறிவித்தது. 22 வயதில் போகும் பிள்ளை, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், 35 வயதுக்குப் பக்கத்தில்தான் அந்த முத்திரையைப் பார்ப்பார்.

பிரிட்டனில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் ஆங்கிலத் தேர்வு மையங்கள் சிலவற்றில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. அம்பலப்படுத்தியது. உள்துறை அமைச்சகம் தேர்வு நடத்திய நிறுவனத்திடம் பட்டியல் கேட்டது. அந்த நிறுவனம் 58,000 தேர்வுகளை ஆராய்ந்து, 33,000-க்கும் மேற்பட்டவற்றை செல்லாது என்றும் 22,000-க்கும் மேற்பட்டவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்றும் சொன்னது. 97 சதவீதம் செல்லாது அல்லது சந்தேகத்துக்குரியது என்ற அந்தப் பட்டியலை வைத்து ஆயிரக்கணக்கானோரின் விசா ரத்தானது. அவர்களில் பலர் நேர்மையாகத் தேர்வெழுதியவர்கள்; அதை நிரூபிக்க ஐந்து, ஆறு, எட்டு வருடம் நீதிமன்றப் படியேறினார்கள். அந்தக் காலமெல்லாம் வேலை செய்ய அனுமதி இல்லை, ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. குடிமகனாக இல்லாதவருக்கு எதிராக ஒரு அரசு தவறாக முடிவெடுத்தால் திருத்திக்கொள்வதற்குள் இளமை போய்விடும்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. எனும் வேலைப் பயிற்சி அனுமதி ஒரு வருடம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவருக்கு மேலும் 24 மாதம். முதல் வருடத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். பிறகு எச்-1பி. ஆண்டுக்கு 85,000 இடங்கள்; 2025-ல் மூன்று லட்சத்துக்கும் மேல் பதிவுகள் வந்தன. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவின்படி நாட்டுக்கு வெளியிலிருந்து எடுக்கப்படும் புதிய எச்-1பி ஊழியருக்கு முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றானது. அங்கேயே படித்து விசா மாறுபவருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது, ஆனால் ஓ.பி.டி. முடிந்து ஊர் திரும்பிவிட்டவருக்கு மறுபடி போகும் வழி பெரும்பாலும் அடைபட்டது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. 2025-ல் வரிசையில் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்த இந்தியர்கள் 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்கள். இன்று வரிசையில் நிற்பவரின் குழந்தைக்கு 21 வயதாகிவிட்டால் அந்தக் குழந்தை தந்தையின் வரிசையிலிருந்து விலக்கப்படும்.

ஆஸ்திரேலியாவில் தங்கவயல்காரர்களுக்கு உறவு அதிகம். சுரங்கத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் குடிபெயர்ந்தன. அவர்கள் போனது குடியேற்றச் சட்டத்தின் வழியாக, போன நாளிலிருந்தே வசிக்கும் உரிமையோடு. அதேபோல டொரன்டோவில் ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகள் தெருத் தெருவாக இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. 1983-க்குப் பிறகு அங்கே போன ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் அகதிகளாகப் போனவர்கள். அதற்கான சட்டம் வேறு, பட்ட துன்பமும் வேறு. அவர்கள் நிலைத்திருப்பதைக் காட்டி மாணவர் நிலைக்கலாம் என்று கணக்குப் போட முடியாது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2024 ஜூலைக்கு முன் 710 ஆஸ்திரேலிய டாலர். 2025 ஜூலையில் அது 2,000 ஆனது. விசா மறுத்தாலும் திரும்பத் தரமாட்டார்கள்.

ஜெர்மனியில் சட்டம் ஓரளவு தெளிவாக இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஃபீஸ் கிடையாது. முடக்கக் கணக்கில் வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் உண்டு. அங்கே பட்டம் வாங்கி, படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டி, ஜெர்மன் மொழியில் பி1 தேறியவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மொழியை இங்கிருந்தே கற்கத் தொடங்காதவர், ஆங்கிலவழிப் படிப்பு கிடைத்ததே என்று போனவர், 18 மாதமும் வேலை தேடியே கழித்துவிடுகிறார். ஃபீஸ் இல்லாத நாடு என்று சொல்லித் தனியார் கல்லூரியில் பல லட்சத்துக்குச் சேர்த்துவிடும் ஏஜென்ட்களும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஏஜென்ட்டுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? பெரும்பாலும் கல்லூரி. மாணவர் கட்டும் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கு கமிஷனாகப் போகிறது. அதனால்தான் "எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம், எல்லாம் இலவசம்" என்ற வார்த்தை. எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அதுவே உங்கள் பிள்ளைக்குப் பொருத்தமான கல்லூரியாகப் பரிந்துரைக்கப்படும். கமிஷன் தராத அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயில் வராது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மாணவரை அனுப்பும் கன்சல்டன்சிக்கு அந்தப் பதிவு தேவைப்படுவதில்லை. ஒரு அறையும் ஒரு போர்டும் போதும். கனடாவின் சட்டப்படி விசா ஆலோசனைக்குப் பணம் வாங்க உரிமை உள்ளவர்கள் அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞர்கள், குடியேற்ற ஆலோசகர்கள் போன்றவர்கள்தான். பெயரைத் தேடிப் பார்க்க இணையத்தில் பதிவேடு இருக்கிறது.

ஒரு ஆஃபர் லெட்டரை மேசைமேல் வைத்துப் பார்ப்போம். முதல் வரியில் வாழ்த்து இருக்கும். அதற்குக் கீழே "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று ஒரு சொல் இருக்கும். பட்டச் சான்றிதழோ மொழித் தேர்வோ முன்பணமோ பாக்கி என்று அதற்குப் பொருள். படிப்பின் பெயருக்கு அடுத்து, வகுப்பு நடக்கும் இடம். பல்கலைக்கழகத்தின் ஊர் ஒன்றாகவும் வகுப்பு நடக்கும் ஊர் வேறாகவும் இருந்தால், நடத்துவது யார் என்று கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஃபீஸ் திருப்பித் தரும் விதி: விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு, மாணவரே விலகினால் எவ்வளவு, எத்தனை நாளுக்குள். அந்தக் கடிதத்தில் எங்கே தேடினாலும் வேலை என்ற வாக்குறுதி இருக்காது, பி.ஆர். என்ற சொல் இருக்காது. அந்த இரண்டும் ஏஜென்ட்டின் வாயில் மட்டும் இருப்பவை. கடிதத்தில் உள்ள மின்னஞ்சலை விட்டுவிட்டு, கல்லூரியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு மாணவரே எழுதி, இந்த எண்ணுள்ள கடிதம் உங்களுடையதுதானா என்று கேட்க வேண்டும். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். பஞ்சாப் மாணவர்கள் இழந்த வருடங்களை நினைத்தால் அந்த ஒரு வாரம் ஒன்றுமில்லை. விசா விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு மாணவரிடம்தான் இருக்க வேண்டும். அதைத் தர மறுக்கும் ஏஜென்ட்டிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கியில் பணம் காட்டும் வேலையும் இப்படித்தான். பிரிட்டன் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். அந்த 28 நாளுக்கு வட்டிக்குப் பணம் போட்டு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்பவர்கள் உண்டு. விசா கிடைத்துவிடும், பிள்ளை போய் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பணம் கணக்கில் இல்லை. அங்கே முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் என்ன செய்வது? வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. கூடுதலாகச் செய்தால் விசா விதிமீறல். பணமில்லாமல் போகிற பிள்ளை முதல் மாதத்திலேயே விதிமீறலுக்குத் தள்ளப்படுகிறது.

இனி தங்கவயலுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். பத்திரம் குடியிருப்பவர் பெயரில் இல்லாத லைன் வீட்டை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது. அதனால் கிராமத்தில் பெரியப்பா பெயரில் உள்ள நிலம், மாமா வீடு என்று தேடுகிறார்கள். அல்லது அடமானம் கேட்காத தனியார் நிதி நிறுவனங்களிடம் கூடுதல் வட்டிக்குப் போகிறார்கள். 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், பத்து வருடத் தவணை. ஒரு வருடப் படிப்பும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் சாதாரண வட்டி மட்டும் 4,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 24,40,000. மாதத் தவணை ஏறக்குறைய 33,600 ரூபாய். பத்து வருடத்தில் கட்டி முடிப்பது 40 லட்சத்துக்கும் மேல். லண்டனில் பட்டப்படிப்பு மட்டத்து வேலை கிடைத்தவருக்கு இது தாங்கக்கூடியது. விசா முடிந்து திரும்பி, மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் முதல் வேலைக்குப் போகும் ஒருவருக்கு, பல நிறுவனங்களில் மாதச் சம்பளமே இதற்குள்தான்.

இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுபவர் அப்பா. சுரங்கம் மூடியபோது இருபது, முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து வயதை எட்டியவர்கள். அந்த ரயிலில்தான் அவர்களும் இருபது வருடமாகப் போய் வருகிறார்கள், செக்யூரிட்டியாக, ஆலைத் தொழிலாளியாக, கடைச் சிப்பந்தியாக. பிள்ளை தவணை கட்டத் தவறினால் வங்கி தேடி வருவது டொரன்டோவுக்கு அல்ல.

கடனில்லாத வழி இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள், 60 சதவீத மதிப்பெண், வயது 35-க்குள், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம். ஃபீஸ், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் அரசு தரும். நாடு முழுவதற்கும் 125 இடங்கள்தான், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2025-ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் உத்தரவு போனது, மற்றவர்கள் நிதிக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். ஆக இதையும் உறுதி என்று நம்பி வேறு வேலையை விட்டுவிடக் கூடாது. கர்நாடக சமூக நலத்துறையின் பிரபுத்தா திட்டம் தனியாக இருக்கிறது. ஆதிதிராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் உள்ள சாதி என்பதால் தங்கவயலில் அந்தச் சாதி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தைப் பற்றித் தமிழ்ச் சேனல்களில் பார்த்துவிட்டு விசாரிப்பவர்கள் உண்டு, அது தமிழ்நாட்டவருக்கானது. பட்டியல் சாதி என்ற சான்று 1950-ம் ஆண்டு உத்தரவின்படி இந்து, சீக்கிய, பௌத்தருக்கு மட்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகமுள்ள இந்த ஊரில், அதே லைனில், அதே சுரங்கத்தில் உழைத்த பாட்டனின் பேரன் இந்த உதவிக்கு வெளியே நிற்கிறான். அது அநீதி. அதை மாற்றக் கோரும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையே துணை, அதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். நல்ல பல்கலைக்கழகத்தில் நல்ல துறையில் படித்தால் எங்கேயும் நிற்பார்கள். திரும்பி வந்தாலும் பெங்களூரில் மதிப்புள்ள பட்டமா என்று முதலில் பாருங்கள். அந்தத் துறையில் இங்கே வேலைக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்தில் கேளுங்கள், இந்தக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று. நர்சிங், மருத்துவத் தொழில்நுட்பம், பொறியியல் போன்றவற்றில் பட்டத்தோடு அந்த நாட்டின் தொழில் பதிவும் தேவைப்படும். அந்தப் பதிவுக்கு எத்தனை தேர்வு, எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்பதையும் படிப்புச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து மாதங்களை வரிசையாக எழுதுங்கள். விமானம் ஏறும் மாதம், படிப்பு முடியும் மாதம், வேலை அனுமதி தொடங்கும் மாதம், அது முடியும் மாதம், வங்கித் தவணை தொடங்கும் மாதம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் இன்று என்ன விதி இருக்கிறது என்பதையும் அதைப் பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் ஒருமுறை, முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை, மறுபடி பாருங்கள். வேலை அனுமதி முடியும் மாதத்துக்குள் ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அடுத்த ஆறு மாதத் தவணைக்கும் பணம் யாரிடம் இருக்கும் என்பதை, அந்தத் தாளின் அடியில், அவருடைய பெயரோடு எழுதுங்கள்.